தண்ணீரில்லாத் தீவில் மூன்று இரவு

விடுமுறை என்றவுடன் நம்மவர் நினைப்பது உறவினர் வீடு, அல்லது கோயில், அல்லது மலைவாசம். எங்கே சென்றாலும் அங்கே ஒரு கூரையும், ஒரு குழாயும், ஒரு சாப்பாட்டுக் கடையும் இருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அமெரிக்கர்களிடையே இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்றுண்டு. கூரை, குழாய், கடை ஆகிய மூன்றும் இல்லாத இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே கூடாரமடித்துச் சில நாள் தங்கிவிட்டு வருவதை அவர்களிற் பலர் பேரின்பமாகக் கருதுகிறார்கள். ஆதி மனிதன் வாழ்ந்த முறையிலே கூடார வாசம் என்பது அவர்கள் அதற்கு இட்டிருக்கும் பெயரின் பொருள். “காசு கொடுத்துக் கஷ்டத்தை வாங்குவார்களா?” என்று நம் வீட்டுப் பாட்டிமார் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தக் கஷ்டத்தில் ஒரு கல்வி இருக்கிறது. அக்கல்வியின் பெரும் பகுதி, போய்ச் சேர்ந்த பிறகு கிடைப்பதன்று. புறப்படுவதற்கு முன் மூட்டை கட்டும்போதே கிடைத்துவிடுவது.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கிறார். மனைவியோடும் இரு குழந்தைகளோடும் அத்தகைய தீவொன்றில் மூன்று இரவு தங்கப் போவதாகவும், என்னென்ன எடுத்துச் செல்லலாம் என்று யோசித்துச் சொல்ல வேண்டும் என்றும் அவர் நமக்கு எழுதினார். அதன் பொருட்டு நாம் படித்து அறிந்தவற்றையும், அவர் தங்கிவிட்டு வந்து எழுதியவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம். அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்கு இது நேரே பயன்படலாம். மற்றவர்களுக்கும் பயன் இல்லாமற் போகாது என்பது நம் நம்பிக்கை.

பெயரிலேயே எச்சரிக்கை

அத்தீவுக் கூட்டத்திற்கு டிரை டார்ட்டூகாஸ் என்று பெயர். ஃபுளோரிடாவின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்ட் என்னும் ஊரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 70 மைல் கடல் கடந்தால் அதை அடையலாம். சிறு சிறு தீவுகள் ஏழு. அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து 100 சதுர மைல் பரப்பை அமெரிக்க அரசாங்கம் தேசியப் பூங்காவாகப் பாதுகாத்து வருகிறது. அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தரையன்று, மற்றதெல்லாம் கடலே.

1513-ம் வருஷத்தில் ஸ்பானிய மாலுமியான போன்ஸ் டி லியோன் அங்கே வந்தார். அவருடைய ஆட்கள் ஏராளமான கடலாமைகளைப் பிடித்தார்கள். அதனால் அவர் அந்தத் தீவுகளுக்கு ‘ஆமைகள்’ என்று பொருள்படும் டார்ட்டூகாஸ் என்ற பெயரை இட்டார். பின்னால் வந்த மாலுமிகள் அதன் முன்னே ‘வறண்ட’ என்று பொருள்படும் ‘டிரை’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். இங்கே குடிநீருக்காகக் கப்பலை நிறுத்தாதே என்று பின்வருவோர்க்கு அவர்கள் எழுதிவைத்த எச்சரிக்கை அது. நம் மன்னார் வளைகுடாவில் நல்லதண்ணித்தீவு என்று ஒரு தீவு இருப்பதை வாசகர்களிற் சிலர் அறிவார்கள். கடலோடிகள் எந்த நாட்டினராயினும் தீவைக் கண்டதும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே என்பது இவ்விரண்டு பெயர்களாலும் விளங்கும்.

கோட்டை கண்ட தோல்வி

கூடாரமடிக்க இடம் கொடுத்திருக்கும் கார்டன் கீ என்னும் தீவில் பிரம்மாண்டமான கோட்டையொன்று நிற்கிறது. ஆறு பக்கங்கள் கொண்டது. ஜெஃபர்ஸன் கோட்டை என்று பெயர். மெக்ஸிகோ வளைகுடாவுக்குள் செல்லும் கப்பல் வழியைக் காப்பதற்காக 1846-ல் இதைக் கட்டத் தொடங்கினார்கள். ஏறத்தாழ முப்பது வருஷம் வேலை நடந்தது. ஒரு கோடியே அறுபது லட்சம் செங்கற்களுக்கு மேல் செலவாயின. நானூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகளுக்கு இடம் வகுத்தார்கள். அப்படியும் கோட்டை முற்றுப்பெறவில்லை. எந்தப் பகைவனும் அதைத் தாக்க வரவுமில்லை.

அக்கோட்டையை முறியடித்தது தண்ணீர்தான். கட்டியவர்கள் அதை மறந்துவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. கூரையில் விழும் மழைநீர் மணல் அடைத்த குழல்களின் வழியே வடிந்து இறங்குவதற்கும், அஸ்திவாரத்தில் கட்டிய தொட்டிகளிற் சேர்வதற்கும் அழகாகவே ஏற்பாடு செய்திருந்தார்கள். அத்தகைய தொட்டிகள் நூற்றுக்கு மேல் இருந்தன. ஆனால் பவழமும் மணலுமான தரை கோட்டையின் பாரத்தைத் தாங்கவில்லை. சுவர்கள் அமிழ்ந்தன, தொட்டிகளிற் பெரும்பாலானவை விரிந்தன, விரிசல் வழியே கடல்நீர் உட்புகுந்து குடிநீரைக் கெடுத்தது. பிறகு கடல்நீரைக் காய்ச்சி ஆவியாக்கிக் குடிநீர் இறக்க வேண்டியதாயிற்று. 1874-ல் இராணுவம் கோட்டையைக் கைவிட்டுப் போயிற்று. ஒரு பெரிய அரசாங்கத்தின் பணமும் பொறியியல் அறிவும் அத்தனை செங்கல்லும் சேர்ந்து தீர்க்க முடியாத தண்ணீர்ப் பிரச்சினையை, நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் மூன்று நாளைக்கு எப்படித் தீர்ப்பது?

தண்ணீர்க் கணக்கு

தீர்ப்பது எளிது, கொண்டு போக வேண்டியதுதான். எவ்வளவு என்பதே கேள்வி. வெப்பமான கடற்கரையில், குடிப்பதற்கும் சமையலுக்குமாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்குக் குறையலாகாது என்பது பொதுவான விதி. மூன்று இரவு என்றால் நான்கு பகல். கடல் கொந்தளித்துப் படகு வராமற் போனால் என்ன செய்வது? அதற்காக இன்னும் ஒரு நாள். நான்கு பேருக்கு ஐந்து நாள், நாளொன்றுக்கு நபருக்கு நான்கு லிட்டர்: ஆக எண்பது லிட்டர். எடையில் எண்பது கிலோ. ஒரு பெரிய மனிதரையே தூக்கிச் செல்வதற்குச் சமம்!

இந்தக் கணக்கை நம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். பெருக்கலை எல்லோரும் சரியாகவே செய்தார்கள். ஆனால் ஒரு சிறுமி எழுந்து, “குளிக்க, பாத்திரம் தேய்க்க?” என்று கேட்டாள். வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் வேலை அவளுடையது என்பது பிறகு தெரிந்தது. அவள் கேட்டது சரியான கேள்வி. குளியல் கடலில், உடலில் உப்புப் பூத்து அரிக்காமலிருக்க, அரை லிட்டர் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக்கொள்வது. பாத்திரங்களை மணலிட்டுத் தேய்த்துக் கடல்நீரில் அலம்பிவிட்டு, கடைசியில் ஒரு கை நல்ல தண்ணீர் தெளிப்பது. இதற்கெல்லாம் தனியாகப் பத்து லிட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தண்ணீரை ஒரே பெரிய கலத்தில் எடுத்துச் செல்லலாகாது. அது கவிழ்ந்தாலோ ஒழுகினாலோ எல்லாம் போயிற்று. ஐந்து லிட்டர் கலங்களாகப் பிரித்துக்கொண்டால் ஒன்று போனாலும் மற்றவை இருக்கும். பெண்களும் சிறுவர்களும்கூடத் தூக்கலாம். கடைசி நாளுக்கென ஒதுக்கியவற்றின் மூடியை ஒட்டி அடையாளமிட்டு, படகு கண்ணுக்குத் தெரியும் வரையில் திறப்பதில்லை என்று சங்கற்பம் செய்துகொள்ள வேண்டும். தாகம் தாங்காதபோது கொஞ்சம் கடல்நீர் குடித்தால் என்ன என்று குழந்தைகள் கேட்பார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் முப்பத்தைந்து கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பை வெளியேற்றுவதற்குச் சிறுநீரகங்களுக்கு ஒரு லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் தேவை. ஆகவே குடித்த தண்ணீரைக் காட்டிலும் இழக்கும் தண்ணீரே மிகுதி. தாகம் தணியாது, வளரும்.

அடுப்பும் ஆகாரமும்

தீவுக்குச் செல்லும் பிரயாணிகள் படகில் எரிவாயு, மண்ணெண்ணெய், பெட்ரோல் முதலியவற்றை ஏற்ற அனுமதியில்லை. தானாகவே பற்றிக்கொள்ளும்படி பக்குவம் செய்த அடுப்புக்கரி ஒன்றுக்குத்தான் இடமுண்டு. கூடாரம் அடிக்கும் இடங்களில் இரும்புக் கம்பி போட்ட கரி அடுப்பும், சாப்பிடுவதற்கு மேஜையும் வைத்திருக்கிறார்கள். 

இங்கேதான் நம் பெண்மணிகளின் திறமைக்கு வேலை. எந்த உணவு எவ்வளவு தண்ணீரைக் கேட்கும் என்று நாம் வீட்டில் யோசிப்பதில்லை. அரிசி களையத் தண்ணீர், வடிக்கத் தண்ணீர், பானை கழுவத் தண்ணீர். ஆகவே சோறு அந்தத் தீவுக்கு ஏற்றதன்று. முதல் நாளைக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்டுப் பிசைந்த புளியோதரை. நம் முன்னோர்கள் கட்டுச்சோறு கட்டிய அனுபவம் வீண்போகாது. அடுத்த நாட்களுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், சிறிது தண்ணீரில் ஊறும் அவல், சத்துமாவு, வெல்லம், வேர்க்கடலை, பேரீச்சம்பழம். மாலையில் கரி நெருப்பில் உருளைக்கிழங்கைச் சுட்டுத் தரலாம். குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய விருந்து வேண்டியதில்லை. ஊறுகாய், அப்பளம், உப்புப் போட்ட வறுவல் இவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அவை தின்னும்போது ருசி. தின்ற பின் தண்ணீர்க் கலத்தை நோக்கி நம்மை இழுப்பவை.

மற்றொரு முக்கிய விஷயம்: தீவில் குப்பைத் தொட்டி இல்லை. வாழைப்பழத் தோலிலிருந்து மருந்துச் சீட்டு வரையில், கொண்டுபோன அனைத்தும் திரும்பி வர வேண்டும். ஆகையால் அட்டைப் பெட்டி, பொட்டலக் காகிதம் முதலியவற்றை வீட்டிலேயே களைந்துவிட்டு, பண்டங்களை மட்டும் டப்பாக்களில் மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

எலியும் நண்டும்

அந்த டப்பாக்கள் கெட்டியானவையாக இருக்க வேண்டும். தீவில் எலிகள் இருக்கின்றன. சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளும் இருக்கின்றன. பகலில் இரண்டும் சாதுக்கள். இருட்டிய பின் அவற்றுக்குத் தீபாவளி. நம் மாணவர் எல்லாவற்றையும் முறைப்படி பெட்டியில் பூட்டினாராம். அவருடைய இளைய குமாரன் மட்டும் ஒரு முறுக்குப் பொட்டலத்தைத் துணிப்பையில் ஒளித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான். விடியற்காலையில் கூடாரத்தில் ஒரு துவாரம், பையில் ஒரு துவாரம், முறுக்குத் தூள் ஒரு பிடி. அதன் நடுவே சங்கைச் சுமந்தபடி ஒரு நண்டு. “பொதுச் சட்டத்திற்கு விலக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதை இனி அவனுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை” என்று எழுதியிருக்கிறார்.

கூடாரமும் காற்றும்

கூடாரத்துக்கு முதற் பகை காற்று. மணற்பாங்கான தரையில் சிறிய முளைகள் நில்லா. நீண்ட முளைகளும் கனத்த சுத்தியும் வேண்டும. நண்பகலில் நிழல் குறைவாதலால் தனியாக ஒரு தார்ப்பாயும் நாலு கயிறும் எடுத்துச் சென்று, காற்றின் திசை பார்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் நவம்பர் முடிய அங்கே புயற்காலம். குளிர்காலத்திலோ வடக்கிலிருந்து திடீரென்று வாடை கிளம்பிக் கடலைக் கலக்கிவிடும். 1930-ல் புகழ்பெற்ற எழுத்தாளர் ஹெமிங்வே நண்பர்களுடன் மீன் பிடிக்கப் போய், அத்தகைய வாடையில் அகப்பட்டுப் பதினேழு நாள் அத்தீவில் தங்க நேர்ந்தது என்று அவர்களுடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். நாம் மேலே ஒரு நாள் தண்ணீரை அதிகமாகச் சேர்த்தது வீண் பயம் அன்று என்பது இதனால் தெரியும்.

இடத்திற்கும் போட்டி உண்டு. தனிக் குடும்பங்களுக்கான கூடார இடங்கள் எட்டே. முந்தி வருவோர்க்கே முதல் உரிமை. பயணப் படகு நாளொன்றுக்குக் கூடாரவாசிகள் பத்துப் பேரை மட்டுமே ஏற்றிச் செல்லும். ஆகையால் பல மாதங்களுக்கு முன்பே சீட்டு வாங்கிவிட வேண்டும். மூட்டைகளுக்கு எடை வரம்பு உண்டாதலால் அதையும் அப்பொழுதே விசாரித்துக்கொள்வது நல்லது.

வைத்தியர் இல்லாத இடம்

கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யாது; கடையோ மருந்தகமோ கிடையாது. எனவே காயத்துக்குக் கட்டுத்துணி, கிருமிநாசினி, ஜுர மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளில் இரண்டு நாளைக்கு அதிகம், கொசுவலை, அகன்ற தொப்பி ஆகியவை அவசியம். எந்தத் தேதியில் திரும்புவோம் என்பதைக் கரையிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இதன் அருமையை உணர்த்தும் சரித்திரம் ஒன்று அக்கோட்டைக்கு உண்டு. உள்நாட்டுப் போரின் காலத்திலும் அதற்குப் பின்னும் அது சிறைச்சாலையாக இருந்தது. ஜனாதிபதி லிங்கனை 1865-ல் சுட்டுக் கொன்றவனுடைய முறிந்த காலுக்குக் கட்டுப் போட்டவர் டாக்டர் ஸாமுவேல் மட் என்பவர். சதியில் பங்கு கொண்டதாக ஆயுள் தண்டனை பெற்று அவர் இங்கே கொண்டுவரப்பட்டார். 1867-ல் மஞ்சள் ஜுரம் பரவிற்று. கோட்டையின் வைத்தியரே அதற்கு இரையானார். வேறு வைத்தியர் வர நாளாகும். கைதியாகிய மட் பொறுப்பை ஏற்று நோயாளிகளைக் கவனித்தார். 1869-ல் அவருக்கு மன்னிப்புக் கிடைத்து விடுதலையானார். மஞ்சள் ஜுரத்தைக் கொசு பரப்புகிறது என்பது 1900-ல்தான் ஐயமறத் தெளிவாயிற்று. அக்கொசு தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. தண்ணீர் இல்லாமையைப் போலவே மூடாத தண்ணீரும் ஆபத்து. தண்ணீர்க் கலங்களை எந்நேரமும் மூடி வைக்க வேண்டும் என்பதை நம் பாட்டிமார் காரணம் அறிந்தோ அறியாமலோ சொல்லி வந்திருக்கிறார்கள்.

தீவுக்கு உரியவர்கள்

பிற்பகலில் படகு ஒரு நாள் பிரயாணிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடும். பிறகு எஞ்சுவது கூடாரவாசிகளும், பூங்காவின் சிப்பந்திகள் சிலரும், கோட்டையும், கடலும். பகலெல்லாம் சந்தையாக இருந்த இடம் அரை நாழிகையில் அமைதியாகிவிடுகிறது. கோட்டைச் சுவரின் மீது மாலை வெயில் படும்போது செங்கல் செம்பாக மாறுகிறதாம். இரவில் நகர விளக்குகள் எட்டாத வானத்தில் நட்சத்திரங்கள் நெருங்கித் தோன்றுகின்றன.

ஆனால் அத்தீவுகளுக்கு உரியவர்கள் நாமல்லர். பக்கத்திலுள்ள புஷ் கீ என்னும் தீவில், ஆலா என்னும் கடற்பறவையில் கரிய முதுகுடைய ஒரு வகை ஆயிரமாயிரமாகக் கூடி முட்டையிடுகிறது. அப்பருவத்தில் அங்கே மனிதர் கால் வைக்கத் தடை. கடலாமைகளும் மணலேறி முட்டையிடுகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகள் கடலின் மங்கிய வெளிச்சத்தை நோக்கிச் செல்லும் இயல்புடையவை. நாம் ஏற்றும் பிரகாசமான விளக்கைக் கண்டால் வழி தவறிவிடும். ஆகையால் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய சிறு கைவிளக்கே நல்லது. ஒரு சங்கையோ பவழத்துண்டையோ எடுத்துவரவும் கூடாது. அந்தச் சங்கு இன்னொரு நண்டுக்கு வீடு. இதைக் குழந்தைகளுக்குப் படகில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மணலில் நிற்கும்போது சொன்னால் கண்ணீர்தான் பதில். நம் மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே கூடாரமடித்துத் தங்க இடமில்லை. அதுவும் இந்தக் காரணம் பற்றியே. அவை அப்படியே இருப்பது நன்று.

மொட்டை மாடியில் ஒத்திகை

நாடகத்திற்கு ஒத்திகை உண்டு. கல்யாணத்திற்கு நிச்சயதார்த்தம் உண்டு. தீவு வாசத்திற்கும் முன்னோட்டம் ஒன்று அவசியம். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாக ஒரு சனிக்கிழமை காலையில், வீட்டிலுள்ளவர்களுக்குக் கணக்கிட்ட தண்ணீரை அளந்து கலங்களில் நிரப்பிக்கொண்டு, குழாயை மூடிவிட வேண்டும். தொலைபேசியை அலமாரியில் பூட்டி, கட்டிய மூட்டைகளுடன் மொட்டை மாடிக்கு ஏறிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை வரையில் கீழே இறங்கி எதையும் எடுப்பதில்லை. கழிப்பிடத்திற்கு மட்டும் விலக்கு வைத்துக்கொள்ளலாம். எது மறந்துபோயிற்று, எது வீண் சுமை, யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒன்றரை நாளில் எழுதி வைத்தாற்போல் தெரிந்துவிடும். தீப்பெட்டி மறந்தது மாடியில் தெரிந்தால் சிரிப்பு. நடுக்கடலில் தெரிந்தால் பட்டினி.

தீவுக்குப் போகும் உத்தேசமே இல்லாத வாசகர்களும் இந்த ஒத்திகையை ஒருமுறை செய்து பார்க்கலாம் என்பது நம் யோசனை. 2019-ம் வருஷத்துக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது, குடத்தை எண்ணி வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. அப்பொழுது நாம் கற்றதை, மழை வந்ததும் மறந்துவிட்டோம். கஷ்டம் வந்து கற்பிக்கும் பாடத்தில் அழுகை கலந்திருக்கிறது. நாமாகத் தேடிக் கற்கும் பாடத்தில் சிரிப்பும் விளையாட்டும் கலந்திருக்கும். நம் குடும்பம் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீரில் வாழ்கிறது, எவ்வளவு குப்பையைச் சேர்க்கிறது, எந்தப் பொருள் இல்லாமலும் இருக்க முடியும் என்ற மூன்று கேள்விகளுக்கும் நம்மிற் பெரும்பாலோரால் இன்று விடை சொல்ல முடியாது. அடுத்த சனிக்கிழமை மாலைக்குள் சொல்ல முடியும். அதற்கு வேண்டியவை சில தண்ணீர்க் கலங்களும், ஒரு பாயும், குழாயைத் திறப்பதில்லை என்ற உறுதியுமே.